உரோமாபுரியில் அச்சேறிய அரபு நூல்கள்

ஐரோப்பிய மறுமலர்ச்சியின் இறுதிக் காலத்தில், 1584ஆம் ஆண்டு, கர்தினால் பெர்டினாண்டோ மெடிச்சியின் ஆதரவில் உரோமாபுரியில் அரபு அச்சகம் ஒன்று நிறுவப்பெற்றது. கீழை நாடுகளில் கிறித்தவத்தைப் பரப்புவதும், நூல்களை விற்றுப் பொருளீட்டுவதும் அதன் நோக்கங்கள். 1591இல் நற்செய்தி நூலை வெளியிட்ட அவ்வச்சகமே, 1592இல் அல்-இத்ரீசியின் புவியியல் நூற்சுருக்கத்தையும், 1593இல் இப்னு சீனாவின் 'அல்-கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலையும் அரபு மூலத்திலேயே அச்சிட்டது.

எதிர்பார்த்த வாணிகம் கைகூடவில்லை. படிகள் பல விற்பனையாகாமல் தேங்கின. எனினும், பெரும்பாலும் இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியே இப்னு சீனாவை அறிந்திருந்த ஐரோப்பிய அறிஞர்க்கு அவர்தம் மூலநூல் கைக்கெட்டியது. அரபு பயில்வோர்க்கும் அது துணையாயிற்று.

சமயப் போட்டியும் பொருள் வேட்கையும் தொடங்கிவைத்த பணியில் நிலைத்துநின்றது கல்வியே. மாற்றாரை அறிய விழைவோர் அவர்தம் மொழியையே கற்றல் வேண்டும் என்பது இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்தும் பாடமாகும்.