ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன்: நகரமா, அமைதியான இடமா?



 

போன வாரம் அஸர் தொழுகை முடிந்ததும் திருவொற்றியூரைச் சேர்ந்த ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மணலிப் பக்கம் பைப் பிட்டராக வேலை பார்ப்பவர். ஷட்டவுன் காலத்தில் ராப்பகலாக உழைத்துப் பழகியவர். அமீரகத்தில் அவருக்கு இரண்டு இடங்களில் வேலை வந்திருக்கிறது. ஒன்று துபாயில், பட்டறை வேலை. மற்றொன்று ருவைஸில், பராமரிப்பு வேலை. ருவைஸ் அபுதாபி நகரத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தள்ளி, கடலோரத்தில் சுத்திகரிப்பு ஆலைகளுக்காகவே எழும்பிய ஊர். இரண்டு சம்பளத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் என்னிடம் கேட்டது சம்பளத்தைப் பற்றியும் இல்லை. "ஹஜ்ரத், நகரமா, அமைதியான இடமா? எது நம்ம தீனுக்கு நல்லது?" என்றுதான் கேட்டார்.

அவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்பது கேள்வியிலேயே தெரிந்தது. எர்ணாவூரில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தத்தில்தான் பாங்கைக் கேட்டு வளர்ந்திருக்கிறார். 2023 டிசம்பர் மாதத்தை இந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றிலும் வலையிலும் படகிலும் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு எண்ணூர்க் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வாழ்ந்தவர் அமைதியான ஊரைத் தேடினால் அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பாக இருந்தால் நான் ஒரே மூச்சில் பதில் சொல்லியிருப்பேன். அப்படிச் சொன்னதும் உண்டு. அதைத்தான் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு வேறொரு சகோதரர் இதே கேள்வியோடு வந்தார். அவருக்கு சவூதியின் கிழக்குப் பக்கம் ஒரு சிறிய ஊரில் வேலை, குடும்பத்தோடு போகலாம். அல்லது பெரிய நகரம். அரபிக் கல்லூரியில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் தனித்திருத்தல் பற்றிய பாடத்தை வாசித்த ஞாபகம் எனக்குப் பசுமையாக இருந்த காலம் அது. குழப்பங்களிலிருந்து தன் தீனைக் காத்துக்கொள்ள ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலை உச்சிக்கும் மழை பொழியும் இடத்துக்கும் போகிறவரின் ஆடுகளே அவருடைய சிறந்த செல்வமாகும் காலம் வரும் என்ற கருத்தில் புகாரியில் பதிவான நபிமொழியைச் சொன்னேன். "நகரம் வேண்டாம், ஃபித்னா அதிகம். அமைதியான இடத்துக்குப் போங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

என்ன நடந்தது? கணவருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் வந்து அழைத்துப் போகும், இரவில் கொண்டுவந்து விடும். அவருக்கு வேலை இருந்தது, கூட வேலை செய்யும் ஆட்கள் இருந்தார்கள், லுஹருக்கு ஜமாஅத்தும் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு? அங்கே பெண்கள் வண்டி ஓட்ட அனுமதி வந்ததே 2018 ஜூன் மாதத்தில்தான். கடைக்குப் போக வேண்டுமானால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் தமிழ் பேச ஆள் இல்லை. 2017 ஜூலையில் சவூதி அரசு குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. அது வருடா வருடம் 100 கூடி 2020இல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால். நகரமானாலும் சிற்றூரானாலும் அதே தொகை. கட்டணம் ஏற ஏற நிறையக் குடும்பங்கள் திரும்பின. இவர்களும் திரும்பினார்கள். வந்த பிறகு அந்தச் சகோதரி என் வீட்டாரிடம், "நாலு வருஷம் சுவத்தோடதான் பேசிட்டு இருந்தேன்" என்று சொன்னாராம்.

சகோதரர்களே, அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அந்தச் சகோதரரிடம் தொழுகை பற்றிக் கேட்டிருந்தேன், வட்டி பற்றிக் கேட்டிருந்தேன். "உங்க வீட்ல என்ன சொல்றாங்க?" என்று மட்டும் கேட்கவே இல்லை. அமைதியைத் தேர்ந்தெடுத்தது ஒருவர். அந்த அமைதிக்குள் பகல் முழுவதும் இருந்தது இன்னொருவர்.

இதற்குப் பிறகுதான் நான் அன்னை ஹாஜர் (அலை) அவர்களின் சம்பவத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். எத்தனையோ ஹஜ்ஜுப் பெருநாள் பயான்களில் சொன்ன சம்பவம்தான். விளைச்சல் இல்லாத பள்ளத்தாக்கில் மனைவியையும் பால்குடிப் பிள்ளையையும் விட்டுவிட்டு இப்ராஹீம் (அலை) அவர்கள் கேட்ட துஆ, அவர்கள் பெயரிலேயே உள்ள அத்தியாயத்தின் 37ஆவது வசனத்தில் இருக்கிறது. அதன் வரிசையைக் கவனியுங்கள். அவர்கள் தொழுகையை நிலைநாட்ட வேண்டும் என்பது முதலாவது. மக்களில் சிலருடைய உள்ளங்கள் அவர்களை நேசிக்க வேண்டும் என்பது அடுத்தது. கனிகளிலிருந்து உணவு கொடு என்பது அதற்கும் பிறகு. ஆள் அரவமே இல்லாத இடத்தில் குடும்பத்தை விடும் ஒரு நபி, சாப்பாட்டுக்கு முன்னால் மனிதர்களைக் கேட்கிறார்!

அந்த மனிதர்கள் வந்தார்கள். ஜம்ஜம் ஊறிய பிறகு, பறவை வட்டமிடுவதைப் பார்த்துத் தண்ணீர் இருக்கிறது என்று அறிந்து ஜுர்ஹும் கூட்டத்தார் வந்தார்கள். இங்கே தங்கலாமா என்று கேட்டார்கள். தண்ணீரில் உங்களுக்கு உரிமை இல்லை என்ற நிபந்தனையோடு அன்னையவர்கள் சம்மதித்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் புகாரியின் இந்த ஹதீஸில், அன்னையவர்கள் கூடி வாழ்வதை விரும்புபவராக இருந்தார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் ஒரு வார்த்தை சொல்கிறார்கள். உன்ஸ் என்பது அரபுச் சொல். மனம் பழகி ஆறுதல் அடைகிற துணை என்று பொருள். வானவரோடு பேசியவர், ஜம்ஜமைப் பெற்றவர், இத்தனை ஈமான் உள்ள தாய்க்கே பேச்சுத் துணை தேவைப்பட்டது. அதை நபியவர்கள் பலவீனமாகச் சொல்லவில்லை, உள்ளபடியே சொல்கிறார்கள். அப்படியிருக்க, நம்முடைய வீட்டுப் பெண்கள் "தனியா இருக்க முடியலங்க" என்று சொன்னால், "திக்ர் செய், ஓது" என்று ஒரு வரியில் வாயை அடைத்துவிடுகிறோம்.

சரி, அப்படியானால் அந்த மலை உச்சி ஹதீஸ்? அது குழப்பக் காலத்துக்கு உரியது என்று ஹதீஸிலேயே இருக்கிறது. ஸலமா பின் அக்வஃ (ரலி) அவர்கள் உஸ்மான் (ரலி) அவர்கள் கொல்லப்பட்ட பிறகு ரபதா என்ற இடத்துக்குப் போய்த் தங்கினார்கள். ஹிஜ்ரத்தை முறித்துக்கொண்டு பாலைவனவாசியாகிவிட்டீரா என்று ஹஜ்ஜாஜ் கேட்டபோது, இல்லை, எனக்கு நபியவர்கள் அனுமதி தந்திருந்தார்கள் என்றார்கள். அனுமதி கேட்டுப் பெற வேண்டிய விஷயமாக அது இருந்தது. அங்கேயே திருமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, மரணத்துக்குச் சில இரவுகளுக்கு முன்பு மதீனாவுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். பாலைவனத்தில் குடியிருப்பவர் முரட்டுத்தனம் அடைகிறார் என்ற கருத்திலும் நபிமொழி உண்டு, திர்மிதியிலும் அபூதாவூதிலும் இருக்கிறது. அபுத்தர்தா (ரலி) அறிவிக்கும் இன்னொன்று எல்லாவற்றையும் விடத் தெளிவானது. மூன்று பேர் இருந்தும் ஜமாஅத் தொழுகை நடக்காத ஊரை ஷைத்தான் ஆட்கொள்கிறான். மந்தையை விட்டு விலகிய ஆட்டைத்தான் ஓநாய் தின்னும் என்ற கருத்து. இங்கே பேச்சு ஊரின் அளவைப் பற்றியது இல்லை. மூன்று பேர் போதும். அந்த மூன்று பேரும் ஒரு ஸஃப்பில் நிற்கிறார்களா என்பதுதான் விஷயம்.

மதீனாவிலேயே நடுவும் ஓரமும் இருந்தன. பனூ ஸலிமா குலத்தார் ஓரத்தில் இருந்தார்கள். மஸ்ஜிதுக்குப் பக்கத்தில் குடிவர விரும்பியபோது, மதீனாவின் ஓரம் வெறுமையாகிவிடுவதை நபியவர்கள் விரும்பவில்லை; உங்கள் காலடிகளுக்கு நன்மை எழுதப்படுகிறது என்று சொல்லி அங்கேயே இருக்க வைத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் மேட்டுப்பகுதியான அவாலீயில், தோட்டங்கள் பக்கம் குடியிருந்தார்கள். அமைதியான இடம்தான். ஆனால் அவர்கள் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள்: ஒரு நாள் அவர்கள் நபியவர்களிடம் போவார்கள், மறுநாள் பக்கத்து வீட்டு அன்ஸாரித் தோழர் போவார். போனவர் அன்றைய வஹீயையும் செய்தியையும் மற்றவருக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். ஊர் ஓரத்தில் இருந்தும் உமர் (ரலி) ஒதுங்கிப் போகவில்லை, ஏனென்றால் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தார்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நகரம்தான் நல்லது" என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். அதே உமர் (ரலி) ஒரு ஹதீஸ் தமக்குத் தெரியாமல் போனதற்கு, சந்தைக் கொடுக்கல் வாங்கல் தம்மைத் திசைதிருப்பிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். உமருக்கே அப்படியென்றால் துபாய் நம்மை என்ன செய்யும்? தேராவில் தெருவுக்குத் தெரு பள்ளிவாசல் உண்டு. வருடக் கணக்கில் அதே ஸஃப்பில் தொழுதும் பக்கத்தில் நிற்பவர் பெயர் தெரியாமல் திரும்பியவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். வாடகைக்குப் பயந்து ஷார்ஜாவில் குடும்பத்தை வைத்துக்கொண்டு துபாயில் வேலை செய்கிறவர்கள் ஏராளம். துபாய்க்கு 2009இல் மெட்ரோ வந்தது, அது ஷார்ஜா வரை போகவில்லை. இத்திஹாத் சாலை நெரிசலில் காலையும் மாலையும் கரைகிறது. பிள்ளை தூங்கும்போது கிளம்பி, தூங்கிய பிறகு வீடு சேருகிறார் தகப்பன். நகரத்தில் இருந்தும் அந்த வீடு பாலைவனம்தான்.

ஆகவே அந்தத் தம்பியிடம் நான் பதில் சொல்லவில்லை. கேள்விகள்தான் கேட்டேன். ருவைஸில் நேரடி வேலையா, ஒப்பந்தக்காரர் மூலமா? நேரடி ஊழியருக்கு வீடும் பள்ளிக்கூடமும் உள்ள குடியிருப்பு. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் பெரும்பாலும் முகாம், அங்கே குடும்பம் என்ற பேச்சே இல்லை. ஏஜென்ட் காட்டும் போட்டோவில் இந்த வித்தியாசம் தெரியாது. சம்பளம் 4,000 திர்ஹமா, அல்லது வீட்டோடு சேர்த்து 3,000 திர்ஹமா? 2019இல் வந்த விதிப்படி குடும்பத்தை அழைக்க அதுதான் குறைந்தபட்சம். வெள்ளிக்கிழமை ஷிப்ட் எப்படி? 2022 ஜனவரியிலிருந்து அமீரக அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரைநாள், ஷார்ஜாவில் மட்டும் வெள்ளி முழு விடுமுறை. தனியார் பட்டறையில் இரண்டுமே இல்லாமல் போகலாம், ஜும்ஆவுக்கு விடுவார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

பிறகு, "செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு உங்க வீட்ல என்ன செஞ்சுகிட்டு இருப்பாங்க?" என்று கேட்டேன். தம்பி விழித்தார். "மூணு நாள் ஃபஜ்ருக்கு நீங்க வரலைன்னா உங்க கதவைத் தட்டுறதுக்கு அங்க யார் இருப்பாங்க?" என்றும் கேட்டேன். இங்கே ராயபுரத்தில், தொண்டியார்பேட்டையில், இரண்டு நாள் ஆள் வரவில்லை என்றால் மோதினாரே வீட்டுப் பக்கம் போய் விசாரித்துவிடுவார். நாம் அதைத் தொந்தரவு என்று நினைக்கிறோம். விமானம் ஏறிய பிறகுதான் அதன் மதிப்பு தெரிகிறது.

கடல் கடந்து போவது நமக்குப் புதிதா என்ன? பினாங்கில் ஆங்கிலேயர் 1786இல் வந்து இறங்கினார்கள். 1801 வாக்கிலேயே அங்கே நம்மவர்கள் கப்பித்தான் கிளிங் பள்ளியை எழுப்பிவிட்டார்கள். சிங்கப்பூர் துறைமுகம் 1819இல் தொடங்கியது, சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளி 1826இல் வந்தது. கப்பலில் போன சோழமண்டலக் கரை முஸ்லிம்கள், வியாபாரிகளும் கூலிகளுமாக, சேர்ந்து தொழ ஓர் இடத்தை ஏழே வருடத்தில் ஏற்படுத்திக்கொண்டார்கள். இன்றைக்கும் அங்கே தமிழில் பயான் கேட்கலாம்.

அபுத்தர்தாவும் ஸல்மான் ஃபார்ஸியும் (ரலி) நபியவர்களால் சகோதரர்கள் ஆக்கப்பட்டவர்கள். பிற்காலத்தில் ஒருவர் ஷாமில், மற்றவர் இராக்கில். புனித பூமிக்கு வாருங்கள் என்று அபுத்தர்தா எழுதினார்கள். பூமி யாரையும் புனிதமாக்காது, மனிதனின் செயல்தான் அவனைப் புனிதமாக்கும் என்ற கருத்தில் ஸல்மான் பதில் எழுதினார்கள். முவத்தாவில் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது, அந்தத் தூரத்திலும் ஒருவர் மற்றவரை "இங்கே வா" என்று அழைத்துக்கொண்டிருந்தார் என்பது.

தம்பி நேற்று மறுபடியும் வந்தார், இந்த முறை மனைவியின் பதிலோடு. ருவைஸ் வேலை ஒப்பந்தக்காரர் மூலம்தானாம். துபாய் கம்பெனி ஜும்ஆவுக்கு இரண்டு மணி நேரம் விடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறது. "எங்க போனாலும் சரி, பக்கத்துல பேசறதுக்கு ஒரு வீடு இருக்கணும், புள்ளைக்கு மதரஸா இருக்கணும்" என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். முதல் ஆறு மாதம் தம்பி தனியாகப் போய், ஷார்ஜாவில் அப்படி ஒரு தெருவைத் தேடிப் பிடித்த பிறகுதான் குடும்பத்தை அழைப்பதாக முடிவு செய்திருக்கிறார்கள். அடுத்த புதன்கிழமை பயணம்.

ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருக்கும் சொந்தமோ சிநேகிதரோ உங்களில் யாருக்காவது இருந்தால், தொழுகை முடிந்ததும் அவர்களுடைய நம்பரைப் பள்ளி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டில் பெண்கள் இருக்கும் நம்பராகக் கொடுங்கள்.