பன்னீர் திராட்சைப் பாகில் பன்றித் தொடைக்கறி: தேனிக்காரர்களுக்கு ஓர் அவசர இரவுச் சாப்பாடு

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை கிடைக்காத மாதமே இல்லை. நாட்டின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும் அறுவடை, இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும் காலம் மாறுவதால் ஆண்டு முழுக்க நடக்கிறது. கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி என்று வழிநெடுகப் பந்தல்கள். ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இவ்வளவு இருந்தும் நம் வீடுகளில் அந்தப் பழத்துக்கு இரண்டே வேலைதான்: கழுவித் தின்பது, இல்லையென்றால் ஜூஸ் போடுவது. அடுப்படிக்கு அது வருவதில்லை.

வர வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழி, இறைச்சிக்கு மேல் பூசும் பாகு. மேல்நாடுகளில் உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்திய பன்றித் தொடையை ஹாம் என்பார்கள். அதைத் தடிமனான துண்டாக வெட்டி, வாணலியில் வாட்டி, அதே வாணலியில் சர்க்கரையையும் பழச்சாற்றையும் சுண்டவைத்து மேலே பூசிவிட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது. உப்பேறிய கறிக்கு இனிப்பும் புளிப்பும் கலந்த பாகு அவ்வளவு பொருத்தம். அவர்கள் அன்னாசியையோ ஆப்பிளையோ தேடிப் போகிறார்கள். நம் பன்னீர் திராட்சையில் இனிப்பு, புளிப்பு, நிறம், வாசனை நான்கும் ஒரே தோலுக்குள் இருக்கின்றன.

தேனியில் ஹாம் எளிதில் கிடைக்காது. அதனால் புதிய வெண்பன்றித் தொடைக்கறியை வீட்டிலேயே உப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்யும் முறையை முதலில் சொல்கிறேன். ஹாம் கிடைத்தவர்களுக்கும், பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கும் மாற்று வழிகள் பின்னால் வருகின்றன. காலையில் ஊறப்போட ஐந்து நிமிடம், இரவில் அடுப்பு முன் அரை மணி நேரம் போதும்.

கறி வாங்கும்போது

வெண்பன்றிக் கறி எல்லாக் கறிக்கடையிலும் தொங்காது. முதல் நாளே சொல்லிவைத்து, பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த பன்றிதானா என்று கேட்டு வாங்குங்கள். தெருவில் மேய்ந்த பன்றி வேண்டவே வேண்டாம்.

எலும்பில்லாத பின்தொடையைக் கேளுங்கள். குழம்புக்கு வெட்டுவதுபோல் துண்டு போடாமல், சதையின் நாருக்குக் குறுக்கே, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமனில் அகலத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலம் கொழுப்பு இருக்கட்டும்; தோல் வேண்டாம்.

நல்ல கறி வெளிர் சிவப்பாகவும், கொழுப்பு வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கும். சதைக்குள் வேகவைத்த ஜவ்வரிசி போல வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தால் அந்தக் கறியை வாங்கக் கூடாது. அவை நாடாப்புழுவின் கூடுகள். அரைகுறையாக வெந்த கறி வழியே அந்தப் புழு குடலுக்குப் போகும். பண்ணைக் கறி வாங்குவதும் முழுக்க வேகவைப்பதும் இதற்காகத்தான்.

தேவையானவை (நான்கு பேருக்கு)

ஊறவைக்க:
- வெண்பன்றித் தொடைக்கறி: 150 கிராம் வீதம் 4 துண்டுகள்
- தண்ணீர்: 1 லிட்டர்
- உப்பு: 30 கிராம்
- வெல்லம்: 25 கிராம்
- மிளகு: 10, பிரிஞ்சி இலை: 1

பாகுக்கு:
- பன்னீர் திராட்சை: 300 கிராம்
- பொடித்த வெல்லம்: 2 மேசைக்கரண்டி
- சின்ன வெங்காயம்: 6
- கடுகு: அரை தேக்கரண்டி
- ஏலக்காய்: 2
- இடித்த மிளகு: அரை தேக்கரண்டி
- எலுமிச்சைச் சாறு: 1 தேக்கரண்டி
- கடலை எண்ணெய்: 1 மேசைக்கரண்டி

ஏலக்காய்க்கும் மிளகுக்கும் தேனிக்காரர்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. மலை ஏலம் போடி சந்தைக்குத்தான் இறங்குகிறது. மிளகு குமுளிப் பக்கத்து மலைகளில் விளைகிறது. புதிதாக இடித்துப் போடுங்கள். பொட்டலப் பொடி இந்தப் பாகில் எடுபடாது.

செய்முறை

1. காலையில் ஊறவைத்தல். கால் லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி உப்பையும் வெல்லத்தையும் கரைத்து வடிகட்டுங்கள். மிளகையும் பிரிஞ்சி இலையையும் போட்டு, மீதித் தண்ணீரைக் குளிர்ச்சியாக ஊற்றி முழுக்க ஆறவிடுங்கள். கறி மூழ்கும்படி வைத்து, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். குறைந்தது நான்கு மணி நேரம் ஊற வேண்டும். மேலே சொன்ன அளவில் உப்பு போட்டால் காலையில் வைத்ததைச் சாயங்காலம் எடுத்தாலும் கரிக்காது. தொடைக்கறியில் கொழுப்பு குறைவு, சட்டென்று வறண்டுவிடும். உள்ளே போகும் உப்புதான் சதையில் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. இந்தப் படியைத் தவிர்த்தால் கறி சக்கையாகிவிடும்.

2. கறியை உலரவைத்தல். சமைக்க அரை மணி நேரம் முன்பு கறியை எடுத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சுத்தமான துணியால் இருபுறமும் ஒற்றி எடுங்கள். மேலே ஈரம் இருந்தால் கறி வாணலியில் அவியுமே தவிர சிவக்காது. ஓரக் கொழுப்பில் இரண்டு விரல் இடைவெளியில் கத்தியால் கீறிவிடுங்கள். கீறாவிட்டால் சூட்டில் கொழுப்பு சுருங்கித் துண்டு கிண்ணம் மாதிரி குழிந்துவிடும், நடுப்பகுதி வாணலியைத் தொடாது.

3. திராட்சைச் சாறு எடுத்தல். கறி உலரும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம். திராட்சையைக் காம்பு நீக்கி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். தோல்மேல் தெரியும் வெண்மையான படலம் முழுக்க மருந்து என்று பயப்பட வேண்டாம். பழத்துக்கே இயற்கையாக மெழுகுப் படலம் உண்டு. ஆனாலும் நன்றாகக் கழுவத்தான் வேண்டும். அடிகனமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றாமல் பழத்தைப் போட்டு மிதமான தீயில் வையுங்கள். மூன்று நிமிடத்தில் தோல் வெடிக்கும். பருப்பு மத்தால் மெதுவாக மசித்து, இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டியில் கரண்டியால் அழுத்தி வடியுங்கள். ஏறக்குறைய ஒரு டம்ளர் கருஞ்சிவப்புச் சாறு கிடைக்கும்.

மிக்ஸியில் மட்டும் அரைக்காதீர்கள். பன்னீர் திராட்சையில் விதை உண்டு. விதை உடைந்தால் சாறு கசக்கும், நாக்கில் துவர்ப்பு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு வெல்லம் போட்டாலும் அந்தக் கசப்பு போகாது. சமைக்காமல் பிழிந்தாலும் பயனில்லை. நிறமும் வாசனையும் தோலில்தான் இருக்கின்றன, அவை சூட்டில்தான் இறங்கும்.

4. கறியை வாட்டுதல். அகலமான, அடிகனமான எவர்சில்வர் வாணலியை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பில் திராட்சைப் புளிப்பு பட்டால் இரும்பு வாடை ஏறும், பாகின் நிறமும் கறுத்துவிடும். எண்ணெயைக் காயவைத்து, துண்டுகளை முதலில் கொழுப்பு ஓரம் கீழே இருக்கும்படி இடுக்கியால் பிடித்து இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். கொழுப்பு உருகிச் சிவந்ததும் படுக்கப் போடுங்கள். மிதமான தீயில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம். ஊறிய வெல்லம் சீக்கிரம் சிவக்கும் என்பதால் தீயை ஏற்றாதீர்கள். வாணலி சிறியதென்றால் இரண்டு இரண்டாக வாட்டுங்கள். நெருக்கிப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

தடிமனான இடத்தில் கத்தியால் குத்திப் பாருங்கள். வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும், உள்ளே பச்சைக்கறியின் நிறம் துளியும் தெரியக் கூடாது. சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். கடையில் விற்கும் ஹாம் வெந்த பிறகும் ரோஜா நிறத்தில் இருப்பதற்கு அதில் சேர்க்கும் நைட்ரைட் உப்பு காரணம். நம் கறி உள்ளே வெளிறிய வெள்ளையாகத்தான் இருக்கும், அதுதான் சரி. வெந்ததும் தட்டில் எடுத்து மூடிவையுங்கள்.

5. பாகு காய்ச்சுதல். வாணலியில் ஒரு கரண்டி கொழுப்பை மட்டும் விட்டு மீதியை வடித்துவிடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சிவந்த பொருக்கைக் கழுவிவிடாதீர்கள், பாகின் ருசி அதில்தான் இருக்கிறது. நறுக்கிய சின்ன வெங்காயத்தைப் போட்டு நிறம் மாறும்வரை வதக்குங்கள். திராட்சைச் சாற்றை ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிவிடுங்கள். பொருக்கெல்லாம் கரைந்து வரும். கொஞ்சம் தண்ணீர் விட்டு வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டிச் சேருங்கள். கடுகை மையாக அரைத்து, ஏலக்காய், மிளகோடு போடுங்கள். உப்பு சேர்க்க வேண்டாம், கறியில் இருப்பது போதும்.

நல்ல தீயில் ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் பாகு மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும். பதம் முக்கியம். கம்பிப் பதம் வரைக்கும் விடக் கூடாது, விட்டால் ஆறியதும் மிட்டாயாகிவிடும். விரலில் தொட்டுப் பார்த்தால் ஒட்ட வேண்டும், நூல் வரக் கூடாது. இந்தப் பிசுக்குப் பதத்தில் தீயைக் குறைத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். கெட்டியாகிவிட்டால் பயமில்லை, இரண்டு கரண்டி வெந்நீர் விட்டால் இளகிவிடும்.

6. புரட்டி எடுத்தல். கறியைத் தட்டில் இறங்கிய சாறோடு வாணலியில் போட்டு, கரண்டியால் பாகை மொண்டு மொண்டு மேலே ஊற்றுங்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம். கறி கருஞ்சிவப்பாகப் பளபளக்கும்போது இறக்கிவிடுங்கள். இரண்டு நிமிடம் பொறுத்துப் பரிமாறினால் சாறு உள்ளேயே நிற்கும்.

எதோடு சாப்பிடலாம்?

சூடான சோறும் மிளகு ரசமும் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. பாகின் இனிப்பை ரசத்தின் காரம் சமன் செய்துவிடும். சப்பாத்தியோடு சாப்பிடுகிறவர்கள், வேகவைத்த உருளைக்கிழங்கை வடித்து வைத்த கொழுப்பில் உப்பும் மிளகும் போட்டுப் பிரட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். பச்சை வெங்காயத்தை எலுமிச்சையில் ஊறவைத்துக் கட்டாயம் பக்கத்தில் வையுங்கள்.

ஹாம் கிடைத்தால்

குமுளி வழியாகக் கேரளம் போய் வருகிறவர்கள், கூத்தாட்டுக்குளத்தில் இயங்கும் கேரள அரசு நிறுவனமான மீட் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் ஹாம் கடைகளில் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். ஐஸ் போட்ட பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். வேகவைத்த ஹாம் என்று உறையில் இருந்தால் முதல் படி முழுக்கத் தேவையில்லை. உப்பு தூக்கலாக இருந்தால் இருபது நிமிடம் தண்ணீரில் போட்டெடுத்துத் துடையுங்கள். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வாட்டினால் போதும். பாகில் வெல்லத்தை அரைக் கரண்டி குறைத்து, எலுமிச்சையைக் கூட்டுங்கள்.

பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கு

நம் மாவட்டத்தில் பல வீடுகளில் பன்றிக்கறி புழங்காது. அவர்கள் எலும்பு நீக்கிய கோழித் தொடைக்கறியை இதே உப்புத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, பக்கத்துக்கு ஆறு நிமிடம் வாட்டுங்கள். கோழிக்கு நடுவில் 74 டிகிரி வேண்டும். பாகில் எந்த மாற்றமும் வேண்டாம். நெஞ்சுக்கறியில் செய்யாதீர்கள், அது வறண்டுவிடும்.

மீந்தால்

பாகைக் கூடுதலாகக் காய்ச்சி, கறி படாமல் தனியாகக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சமைத்த கறியை மறுநாளே தீர்த்துவிடுங்கள். பச்சைக்கறி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயம் நறுக்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பன்னீர் திராட்சையின் தோல் மெல்லியது, காம்பிலிருந்து எளிதில் உதிரும். பந்தலிலிருந்து இறக்கும்போதும் பெட்டியில் அடுக்கும்போதும் கொத்திலிருந்து கழன்ற பழத்துக்குச் சந்தையில் மதிப்பில்லை. ருசியில் அதற்கு ஒரு குறையும் கிடையாது. பாகு காய்ச்சுவதற்குக் கொத்து அழகாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தோட்டத்து ஓரத்திலோ சந்தையிலோ திராட்சை வாங்கும்போது உதிரிப் பழம் இருக்கிறதா என்று கேளுங்கள். அழுகல் இல்லாததாகப் பொறுக்கி எடுத்து, பேரம் பேசாமல் வாங்குங்கள். உங்களுக்குப் பாகு மலிவாக முடியும், விவசாயிக்கு வீணாகப் போகவிருந்த பழத்துக்கும் ஒரு விலை கிடைக்கும்.