குடலைச் சரிசெய்தால் பேச்சு வருமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இருக்கிறோம். மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். ‘அம்மா’, ‘ஆச்சி’, ‘தா’ என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவான். சோறு இறங்காது, பாலும் பிஸ்கட்டும்தான். மூன்று நாள், நான்கு நாளுக்கு ஒருமுறை முக்கி அழுதுதான் வெளிக்குப் போவான். தெரிந்தவர் சொல்லி ஒரு மையத்தில் காட்டினோம். குடலில்தான் கோளாறு, அதைச் சரிசெய்தால் பேச்சு வரும் என்று சொல்லி, பாலையும் கோதுமையையும் அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். புரோபயாடிக் பொடியும் மீன் எண்ணெய் மாத்திரையும் தந்தார்கள். மாதம் ஆறாயிரம் ஆகிறது. அவன் அப்பா மாலத்தீவுக்குத் தோணியில் போகிறவர். மாமியார், “குமரகுருபரரே அஞ்சு வயசுலதான் பேசினார். திருச்செந்தூருக்கு நேர்ந்துக்கோ, வசம்பை உரசி நாக்குல தடவு” என்கிறார்கள். நான் எதைச் செய்வது?

— ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: உங்கள் கடிதத்தில் குடல் இருக்கிறது, நாக்கு இருக்கிறது, காதைக் காணோம். அவன் காதை இதுவரை யாராவது பரிசோதித்தார்களா? பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் முதல் பரிசோதனை அதுதான். கூப்பிட்டால் திரும்புகிறான், டிவி சத்தத்துக்கு ஓடிவருகிறான் என்பதெல்லாம் போதாது. அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்திருந்தால் ஓசை கேட்கும், சொல் தெளியாது. தூங்கும்போதே செய்துவிடக்கூடிய ஓ.ஏ.இ., பெரா என்ற சோதனைகள் உண்டு, வலி கிடையாது.

இரண்டு வயதில் ஒரு குழந்தை ஏறத்தாழ ஐம்பது சொற்கள் பேசி, ‘பால் தா’ என்பதுபோல் இரண்டு சொல்லைச் சேர்க்கத் தொடங்க வேண்டும். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டி எட்டு மாதம் ஆகிறது. அதனால் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் வருவது, கட்டணம் இல்லை. காது, பேச்சு, வளர்ச்சி மூன்றையும் அங்கே பார்ப்பார்கள். விரலை நீட்டிக் காட்டாமல் உங்கள் கையை இழுத்துப்போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க அது ஒரு முக்கியமான குறிப்பு. என்ன குறை என்று பெயர் வைப்பதற்காகக் காத்திராமல் பேச்சுப் பயிற்சியை உடனே தொடங்கலாம்.

இனி குடல் விஷயம். இந்த நம்பிக்கை உங்களிடம் தொடங்கியதல்ல. அமெரிக்காவில், ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்குக் குடல் பரிசோதனைக்காக செக்ரீடின் என்ற ஹார்மோனை ஊசியில் செலுத்தினார்கள். அதன்பின் பேச்சும் முகம் பார்த்துப் பழகுவதும் மேம்பட்டதாக 1998-இல் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. செய்தி பரவியது, பெற்றோர்கள் அந்த மருந்தைத் தேடி அலைந்தார்கள். அடுத்த ஆண்டே முறையான ஆய்வு நடந்தது. பாதிக் குழந்தைகளுக்கு செக்ரீடின், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. முடிவில் இரு பக்கமும் முன்னேற்றம் தெரிந்தது, வித்தியாசம் இல்லை. குழந்தை நாளுக்கு நாள் வளர்கிறது. நம்பிக்கையோடு பார்க்கும் கண்ணுக்கு அந்த வளர்ச்சி மருந்தின் பலனாகத் தெரிகிறது. முடிவைச் சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் மருந்தின்மேல் ஆர்வம் குறையாமல் இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை பேசுவதைக் கேட்கத் தவிக்கும் மனம் அப்படித்தான் இருக்கும். அந்தத் தவிப்பைக் காசாக்குகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடல் கிருமிகள் வேறுபடுகின்றன என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 2021-இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு, அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு உணவால் வருவது என்று காட்டியது. குழந்தை இரண்டு மூன்று பண்டத்தையே தின்கிறது, அதனால் குடலில் கிருமிகளின் வகை குறைகிறது. காரணம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் விளைவுதான். பால், கோதுமையை விலக்கும் உணவுமுறையை ஆட்டிசத்துக்குச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டி 2013-லேயே சொல்லிவிட்டது.

பால், பிஸ்கட் தவிர வேறெதுவும் தொடாத பிள்ளைக்குப் பாலையும் அடியோடு பிடுங்கிவிட்டால் கால்சியமும் புரதமும் எங்கிருந்து வரும்? கோதுமை குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் இருக்குமோ என்ற சந்தேகம் உண்மையாகவே வந்தால், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்திவிட்டுச் செய்தால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம்.

ஆனால் அவனுடைய மலச்சிக்கல் நிஜம். ஒருமுறை வலித்ததும் குழந்தை அடக்குகிறது, அடக்க அடக்க மலம் இறுகுகிறது, அடுத்த முறை இன்னும் வலிக்கிறது. வயிறு நிறைந்தே கிடப்பதால் பசி இல்லை, தூக்கம் இல்லை, எரிச்சல். அப்படிப்பட்ட பிள்ளையைப் பயிற்சியில் உட்காரவைப்பது கஷ்டம். வயிறு லேசானால் பயிற்சி பிடிக்கும். குடலுக்கும் பேச்சுக்கும் இடையே என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்த தொடர்பு இவ்வளவுதான். மலத்தை இளக்கும் மருந்தைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு நாளில் நிறுத்தாமல் அவர் சொல்லும் காலம்வரை கொடுங்கள். சாப்பிட்டு முடித்த கையோடு ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். கால் தொங்கக் கூடாது, பாதத்துக்குக் கீழே ஒரு பலகை போடுங்கள். பால் நாளைக்கு 400, 500 மில்லிக்குள் போதும். பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்றுங்கள்.

பாலையே குடித்து வளரும் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து குறையும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. இது நீடித்தால் கவனமும் கற்கும் திறனும் மந்தப்படும். ஹீமோகுளோபின் பாருங்கள். மண், சாக்குக்கட்டி, பச்சரிசி தின்கிறானா என்றும் கவனியுங்கள். வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்தும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரையும் அரசே தருகிறது. அங்கன்வாடியில் கேளுங்கள். கருப்பட்டி நல்லதுதான், ஆனால் இரத்தசோகையை அது தீர்க்காது. மீன் எண்ணெய் மாத்திரைக்குக் கொடுக்கும் பணத்துக்குச் சாளையும் நெத்திலியும் வாங்குங்கள். அந்த எண்ணெயில் உள்ள கொழுப்பு இந்த மீன்களில் தாராளமாக இருக்கிறது. அவித்து, முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்து, சோற்றில் பிசைந்து, ஒரு நெல்லிக்காய் அளவில் தொடங்குங்கள். ஒரு புதுப் பண்டத்தைக் குழந்தை பத்து முறைகூடத் துப்பும், விடாதீர்கள். பெரிய சுறா மட்டும் வேண்டாம், பாதரசம் சேர்ந்திருக்கும்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் என்ன உப்பு? உப்பளத்தில் வேலை செய்யும் சொந்தக்காரர் கொண்டுவந்து தரும் கல்லுப்பா? நாட்டுக்கே உப்பு விளைவிக்கும் ஊரில் பல வீடுகளில் அதுதான் குழம்பில் விழுகிறது. கடல்நீரிலிருந்து விளையும் உப்பில் அயோடின் அநேகமாக இருக்காது. ஆலையில்தான் சேர்க்கிறார்கள், கடைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அயோடின் குறைந்தால் தைராய்டு தளரும், மூளை வளர்ச்சியும் பேச்சும் பின்தங்கும். ஆகவே அவனுக்கு தைராய்டு பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். அயோடின் உப்பை மூடிய பாத்திரத்தில், அடுப்புக்குத் தள்ளி வைத்து, குழம்பை இறக்கும்போது சேருங்கள். அடுத்த குழந்தை வயிற்றில் இருக்கும்போது இது இன்னும் முக்கியம்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூர் சந்நிதியில் பேசினார் என்பது உங்கள் மாவட்டமே போற்றும் வரலாறு. அந்தப் பெற்றோர் சும்மா இருக்கவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று ஆச்சியிடம் சொல்லுங்கள். நேர்த்திக்கடன் இருக்கட்டும், காது சோதனையை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். தானாகப் பேசிவிடும் பிள்ளைகள் நிறைய உண்டு. உங்கள் பிள்ளை அவர்களில் ஒருவனா என்று இந்த வயதில் யாராலும் சொல்ல முடியாது. வசம்பு மட்டும் கூடாது. அதிலுள்ள அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், 1968-லேயே அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கத் தடை வந்தது. நாக்கில் தேய்ப்பதால் பேச்சு வராது.

பேச்சு வருவது பேச்சால். சாப்பாட்டு நேரத்தில் போனைத் தள்ளி வைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். ‘மீன்’, ‘முள்’, ‘சூடு’, ‘இன்னும் வேணுமா’ என்று சின்னச் சொற்களாகச் சொல்லுங்கள். சொன்னபின் ஐந்து எண்ணும்வரை அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். ஒரு முனகல் வந்தாலும் பதிலாக எடுத்துக்கொண்டு கொடுங்கள். ‘சொன்னால்தான் தருவேன்’ என்று பட்டினி போடாதீர்கள். அப்பா கரையேறி வீடியோவில் அழைக்கும்போது தாராளமாகப் பேசட்டும். தனியே கார்ட்டூன் பார்ப்பதும் அதுவும் ஒன்றல்ல.

புரோபயாடிக் பொடியை இன்றே நிறுத்திவிடலாம், ஒன்றும் ஆகாது. மோர், தயிர் கொடுங்கள். அரசு மருத்துவமனை மையத்துக்குப் போகும்போது தடுப்பூசி அட்டை, பிறந்த மருத்துவமனையின் சீட்டு, அவன் விளையாடும்போது எடுத்த இரண்டு மூன்று வீடியோ கொண்டுபோங்கள். பிறந்ததும் அழுதானா, மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா, வலிப்பு வந்ததா என்று கேட்பார்கள். இப்போதே ஒரு தாளில் எழுதி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.