எள்ளும் கடலையும்: வீட்டுப் பலகாரமும் வணிகர் பொறுப்பும்



காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்டு முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். கையில் ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ இருக்கும். கல்லாவுக்கு மேலே சரம் சரமாகத் தொங்கும் பொட்டலங்களில் ஒன்றைக் கிழித்து வாங்கித் தின்றுகொண்டே போகிறார்கள். சில பிள்ளைகளுக்கு அதுதான் காலை ஆகாரம். அதே கடையில், அந்தப் பிள்ளையின் முழங்கால் உயரத்தில், வாய் சுருட்டிய சாக்குகளில் நிலக்கடலை, எள், பொரிகடலை, கேழ்வரகு, கருப்பட்டி எல்லாம் இருக்கின்றன. அவற்றைக் கேட்பார் குறைந்து வருகிறார்கள்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும், பெண்களிலும் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. காலை உணவின் அருமையை உணர்ந்துதான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. மளிகை வியாபாரிகளாகிய நாம் இதில் செய்யக்கூடியது என்ன என்பதே இந்தப் பாடத்தின் பொருள்.

நம் பகுதிச் சரக்கு

நயினார்கோவில் ஒன்றியம் வானம் பார்த்த பூமி. நெல்லும் குண்டு மிளகாயும்தான் இங்கே முதன்மை. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. நம் கடைகளுக்குக் கருப்பட்டி சாயல்குடிப் பக்கமிருந்து வருகிறது. எள்ளும் கடலையும் கொஞ்சம் உள்ளூர் வரவு, மிச்சம் வெளியூர் மண்டிச் சரக்கு.

கருப்பு எள்ளுக்கு நம் மாவட்டத்தில் தனி வியாபாரம் உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் இராமேசுவரம் அக்னி தீர்த்தம், சேதுக்கரை, தேவிபட்டினம் ஆகிய இடங்களில் தர்ப்பணத்துக்கு எள் வேண்டும். இதனாலேயே, ‘எள் காரியத்துக்கு உரிய பொருள், வீட்டில் அடிக்கடி புழங்கக்கூடாது’ என்று சிலர் தயங்குகிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை எள் சாதம் படைத்து உண்பதும் நம் வழக்கம்தான் என்று அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லலாம். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். தர்ப்பணத்துக்கென்று மலிவாக வரும் எள்ளில் மண்ணும் கல்லும் இருக்கும். அதைச் சாப்பாட்டு எள்ளோடு சேர்க்காமல் தனிச் சாக்கில் வைக்க வேண்டும்.

எள்ளிலும் கடலையிலும் ஏறக்குறைய பாதி எண்ணெய். கடலையில் நான்கில் ஒரு பங்கு புரதம். எள்ளில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, அதிலும் பெரும்பகுதி தோலில்தான் இருக்கிறது. ஆகவே பலகாரத்துக்குத் தோல் நீக்காத எள்ளே நல்லது.

1980இல் ஓர் உருண்டை

உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒரு திட்டம் வந்தது. நமது இராமநாதபுரம் மாவட்டமும் அதில் இருந்தது. அப்போது மாவட்டம் பிரிக்கப்படவில்லை. சிவகங்கையும் விருதுநகரும் நம்மோடு சேர்ந்திருந்த காலம். கைக்குழந்தைகளையும் சிறு குழந்தைகளையும் மாதந்தோறும் தராசில் நிறுத்தார்கள். எடை கூடாத குழந்தைக்கு மட்டும் தானியம், பருப்பு, வெல்லம் சேர்த்த உருண்டையைத் தொண்ணூறு நாள் கொடுத்தார்கள். எடை கூடியதும் நிறுத்தினார்கள். பல ஊர்களில் அந்த உருண்டையைச் செய்தவர்கள் உள்ளூர்ப் பெண்களே.

அப்போது எங்களுக்கு இருபது வயது, தகப்பனார் கடையில் தராசு பிடித்துக்கொண்டிருந்தோம். பெரிய மருந்தோ, சீமைச் சரக்கோ இல்லை. நம் கடைச் சாக்கிலிருக்கும் பொருளைக் கொண்டே இளைத்த பிள்ளையைத் தேற்ற முடிந்தது என்பது அன்றே மனதில் பதிந்தது. அந்த உருண்டையை இன்று ஒவ்வொரு வீட்டிலும் செய்யலாம்.

வீட்டில் செய்ய நான்கு பண்டங்கள்

வாடிக்கையாளர் கேட்டால் நாம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் செய்து பார்த்த அளவுகளையே தருகிறோம்.

1. இடித்த எள்ளுருண்டை: எள் 250 கிராம், கருப்பட்டி அல்லது வெல்லம் 200 கிராம். எள்ளைக் களைந்து, கல் அரித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் படபடவென்று பொரியும்வரை வறுக்கவும். ஆறியபின் முதலில் எள்ளை இடித்து, பிறகு தூளாக்கிய கருப்பட்டியைச் சேர்த்து இடிக்கவும். எள்ளின் எண்ணெயே பிடித்துக்கொள்ளும். பாகும் வேண்டாம், நெய்யும் வேண்டாம்.

2. கடலை உருண்டை: வறுத்துத் தோல் புடைத்த கடலை 250 கிராம், வெல்லம் 150 கிராம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சவும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, எடுத்துத் தட்டினால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும். அதுதான் பதம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் சரக்கும் கடலையும் வெல்லமும்தான்.

3. சத்துமாவுக் கஞ்சி: கேழ்வரகு 500 கிராம், பச்சைப்பயறு 150, பொரிகடலை 150, நிலக்கடலை 100, எள் 50, சுக்கு ஒரு துண்டு, ஏலக்காய் ஐந்து. கேழ்வரகு, பயறு இரண்டையும் தனித்தனியே வறுத்து, பொரிகடலை, சுக்கு, ஏலக்காயோடு மில்லில் அரைக்கலாம். கடலையையும் எள்ளையும் அதில் சேர்க்காமல், வறுத்து வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வீட்டு மிக்சியில் விட்டுவிட்டு அரைத்துச் சேர்க்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கட்டியாகும். எல்லாவற்றையும் சேர்த்து மூன்று மாதத்துக்கு அரைத்து வைப்பவர்கள்தான் ‘மாவு காறுகிறது’ என்று குறை சொல்கிறார்கள். இரண்டு கரண்டி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டால் காலைக் கஞ்சி தயார். பிள்ளைக்குக் கருப்பட்டி, பெரியவர்க்கு உப்பும் மோரும்.

4. எள்ளுப் பொடி: எள் 100 கிராம், உளுந்து 100 கிராம், நம் ஊர்க் குண்டு மிளகாய் பத்து, உப்பு, பெருங்காயம். தனித்தனியே வறுத்துக் கொரகொரப்பாகப் பொடிக்கவும். காலையில் இட்லி, தோசைக்குச் சட்னி அரைக்க நேரமில்லாத வீட்டுக்கு இது நல்ல துணை.

ஆளிவிதை, பூசணி விதை, சூரியகாந்தி விதை என்று இப்போது இளைஞர்கள் கேட்கிறார்கள். வாங்கி வைக்கலாம், கெடுதல் இல்லை. ஆளிவிதையை முழுதாக விழுங்கினால் செரிக்காமல் போய்விடும், பொடித்தே சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். பொடித்ததும் விரைவில் காறிவிடும். எனவே பொடியாக விற்க வேண்டாம். பூசணி விதைக்கு ஒரு செலவும் இல்லை, சமையலில் எறிவதைக் கழுவிக் காயவைத்து வறுத்தால் போதும்.

மூன்று எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக்கடலை கொடுக்கக்கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். பொடித்தே கொடுக்க வேண்டும். கடலையும் எள்ளும் சிலருக்கு ஒவ்வாது. முதல் தடவை மிகக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். அவருக்கு எள்ளுப் பொடியே பொருத்தம்.

நாங்கள் பட்ட பாடம்

சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறோம். 2005ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் வெளியூரிலிருந்து கடலைப்பருப்பு மலிவாக வந்தது. சாக்கில் கை விட்டபோதே குளிர்ச்சி தெரிந்தது. லேசான பூசண வாடையும் இருந்தது. விலையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டோம். ஆறு மூடை இறக்கி, நல்ல பருப்போடு கலந்து விற்றோம்.

பத்து நாள் கழித்து, வழக்கமாக வாங்கும் ஓர் அம்மாள் தூக்குச்சட்டியோடு வந்தார். “அண்ணாச்சி, கடலை கசக்குது. பிள்ளை துப்பிட்டான். நீங்களே ஒண்ணு தின்னு பாருங்க” என்று உருண்டையை நீட்டினார். கடையில் நாலு பேர் நின்றார்கள். வாயில் போட்டதும் கசப்பு நாக்கில் ஏறியது. அவர் சண்டை போடவில்லை. “பிள்ளைக்கு எடை இல்லேன்னு நர்சம்மா சொன்னாக, அதான் செஞ்சேன்” என்று மட்டும் சொன்னார். காசைத் திருப்பிக் கொடுத்தோம். அந்தச் சொல்லை என்ன செய்வது?

பிறகுதான் விவரம் விசாரித்தோம். ஈரக் கடலையில் படரும் ஒருவகைப் பூசணம் அப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கைச் சோதித்துத்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். மனிதரின் ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதும் போகாது. செக்குக்குப் போட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். போட்டால் நஞ்சின் பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கி, மாட்டுக்குப் போய், பாலில் திரும்பி நம் வீட்டுக்கே வரும். மிச்சமிருந்த மூடைகளைக் குழி வெட்டிப் புதைத்தோம். அந்த நஷ்டம் ஒரு வருடம் உறுத்தியது. விற்றுப்போன மூடைகள் இன்றும் உறுத்துகின்றன.

கொள்முதலும் பாதுகாப்பும்

1. மூடையின் மேல்வாயை மட்டும் பார்க்காமல், நடுவிலும் அடியிலும் குத்தூசி போட்டு எடுத்துப் பார்க்கவும். பத்துப் பருப்பை இரண்டாகப் பிளக்கவும். உள்ளே பச்சை, கறுப்புப் படலம் இருந்தாலோ, கசந்தாலோ சரக்கை இறக்கக்கூடாது.

2. சுருங்கிய பருப்பு, சொத்தை, நிறம் மாறியது, உடைந்தது ஆகியவற்றைப் பொறுக்கி நீக்கவும். நஞ்சு பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். நீக்கியதைத் தீவனத்துக்கும் கொடுக்கக்கூடாது.

3. உரித்த பருப்பில் ஈரம் நூற்றுக்கு எட்டுக்குள் இருக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் கடித்துப் பார்க்கலாம். ‘கடுக்’கென்று உடைந்தால் காய்ந்தது, மெத்தென்றிருந்தால் ஈரம்.

4. நம்முடையது கடற்கரை மாவட்டம். ஐப்பசி, கார்த்திகையில் கருப்பட்டியும் வெல்லமும் கசிந்துவிடும். மூடைகளைத் தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் பலகை மேல் அடுக்கவும். கருப்பட்டிக்குப் பக்கத்தில் கடலையை வைக்கக்கூடாது.

5. பழைய சரக்கு தீர்ந்த பிறகே புதிய சரக்கைக் கொட்டவும். பழையதன் காறல் புதியதையும் கெடுக்கும்.

6. செய்தித்தாளில் உணவுப் பொருள் மடித்துக் கொடுப்பது சட்டப்படி தவறு. எள்ளும் கடலையும் எண்ணெய்ப் பசை உள்ளவை. அச்சு மை ஒட்டிக்கொள்ளும். வெற்றுக் காகிதப் பையோ, வாடிக்கையாளரின் துணிப்பையோ போதும்.

வியாபாரக் கணக்கு

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பது நியாயம். கம்பெனிப் பொட்டலம் விற்றால் கமிஷனைக் கம்பெனி முடிவு செய்கிறது, நாம் ஒரே ஒரு பொருளை விற்கிறோம். சத்துமாவு அரைக்க வரும் வீட்டுக்காரர் ஒரே தடவையில் ஏழு சரக்கு வாங்குகிறார். கருப்பட்டியோடு எட்டு. மாவு தீர்ந்ததும் மறுபடி வருகிறார். பொங்கலுக்குப் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், ஏலக்காய் சேர்த்துக் கொடுப்பதுபோல, சத்துமாவுக்கும் அளவு நிறுத்துச் சேர்த்துக் கொடுக்கலாம். எதிரில் நிறுத்துக் கொடுத்தால் தொல்லையில்லை. முன்கூட்டியே கட்டி வைப்பதானால் பொருளின் பெயர், எடை, கட்டிய தேதி, விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் முதலிய விவரங்கள் அச்சிட்டிருக்க வேண்டும். உள்ளூர்ப் பெண்கள் செய்து தரும் உருண்டையை வாங்கி விற்பவர்கள், அவர்களும் பதிவு பெற உதவி செய்ய வேண்டும்.

முதலில் ஒரு மாதம் எள், கடலை, பொரிகடலை மூன்றையும் மட்டும் நன்றாகப் புடைத்து, பிள்ளைகளின் கண்ணுக்கு எதிரே கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். பக்கத்தில் ஓர் அட்டையில் எள்ளுருண்டை அளவை எழுதித் தொங்கவிடுங்கள். எங்கள் கடையில் அப்படித்தான் தொடங்கினோம்.

தூக்குச்சட்டியோடு வந்த அம்மாள் பிறகு எங்கள் கடைக்கு வர ஒரு வருடம் ஆயிற்று. வந்தவர் கடலையை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அரைக் கிலோ கேட்டார். அதுமுதல் எங்கள் கடையில் யார் கடலை கேட்டாலும், நிறுப்பதற்கு முன் இரண்டு பருப்பைக் கையில் கொடுத்து, தின்று பார்க்கச் சொல்கிறோம். அப்படிக் கொடுக்கக் கை கூசாத சரக்கை மட்டுமே சாக்கில் வைக்க வேண்டுமென்று சங்க உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.