நரம்பு வலையில் பொருளின் உறைவிடம்

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு யாது என்னும் வினா மொழி பயில்வோர்க்குப் புதிதன்று. கணினியில் அமையும் செயற்கை நரம்பு வலைக்குள் பொருள் எவ்விடத்தில் உறைகின்றது? இதனை விளக்கும் சோதனையொன்றை ஈண்டு நோக்குவோம்.

1986-ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஹின்டன் ஒத்த அமைப்புடைய இரு குடும்பங்களைக் கற்பனையாக வகுத்தார். ஒன்று ஆங்கிலக் குடும்பம். மற்றொன்று இத்தாலியக் குடும்பம். மொத்தம் 24 பேர். தந்தை, தாய், கணவன், மனைவி முதலாக 12 உறவுகள். ‘கொலினின் தந்தை யார்?’ என வினவினால் ‘ஜேம்ஸ்’ என விடை வருமாறு வலை பயிற்றப்பட்டது. பிழை நேருந்தோறும் அலகுகளுக்கிடையேயுள்ள இணைப்புகளின் வலிமை சிறிது சிறிதாகத் திருத்தப்பட்டது.

ஒவ்வொருவர்க்கும் ஓர் உள்ளீட்டு அலகு மட்டுமே உண்டு. கொலின் எந்நாட்டவர், எத்தலைமுறையினர் என்று வலைக்கு எவரும் கூறவில்லை. ஆயின் 24 பேரைப் பற்றிய செய்தியும் 6 அலகுகள் என்னும் குறுகிய வழியே சென்றாக வேண்டும். பயிற்சி முடிந்தபின் அந்த 6 அலகுகளை ஆராய்ந்தபோது வியப்பு காத்திருந்தது. ஓர் அலகு நாட்டினத்தையும், வேறொன்று தலைமுறையையும், பிறிதொன்று குடும்பக் கிளையையும் பிரித்துணர்த்தின! கற்பிக்காது ஒதுக்கிய 4 வினாக்களுக்கும் வலை ஒருமுறை சரியாக விடை கூறியது. புதிதாகத் தொடங்கிப் பயிற்றிய மறுமுறை மூன்றிற்குக் கூறியது.

இதனால் நாம் அறிவது யாது? ‘கொலின்’ என்னும் கருத்து அந்த ஆறனுள் எந்த ஓர் அலகிலும் தனித்து இல்லை. பல அலகுகளின் கூட்டுக் கோலமாகவே உள்ளது. அக்கோலத்தை வகுத்தவை அவருக்குப் பிறரோடுள்ள உறவுகளே. உறவே பொருளைப் படைக்கின்றது எனலாம்.

2013-ஆம் ஆண்டில் தாமஸ் மிக்கோலோவ் குழுவினர் இந்நெறியைப் பெருந்தொகையான உரைகளுக்கு விரித்தனர். ஒவ்வொரு சொல்லும், அதன் அண்டைச் சொற்களைக் கொண்டு, எண்களின் வரிசையாயிற்று. ‘அரசன்’ என்பதன் எண்களிலிருந்து ‘ஆண்’ என்பதைக் கழித்துப் ‘பெண்’ என்பதைக் கூட்டினால் ‘அரசி’ அருகில் வந்தது. இவை ஆங்கிலச் சொற்களைக் கொண்டு கண்டவை.

எனினும், இத்தகைய எண்வரிசைகளில் ஆணுக்குக் கணினி நிரலாளர் பணியும் பெண்ணுக்கு இல்லப்பணியும் இணையாக நிற்பதை 2016-ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. இத்தீர்ப்பை எவரும் எழுதி வைக்கவில்லை. மக்கள் எழுதிய உரைகளிலிருந்தே அது முளைத்தது. ஆகவே, வலையில் உறையும் பொருள் நம் சொற்பழக்கத்தின் நிழலே ஆகும். நிழல் கோணின் நாம் திருத்தத்தக்கது கருவியை மட்டுமன்று, நம் சொல்லையுமாம்.