தறிக்கூடம் ஒரு பாடநூல்

நம் சங்கத்து நண்பர்களுள் பகலில் அலுவலகத்திலோ ஆலையிலோ பணிபுரிந்து, மாலையில் நிர்வாக இயல் வகுப்புக்கு வருவோர் பலர். அவர்கள் பயிலும் பாடங்களுள் ஒன்று நிறுவன மாற்ற மேலாண்மை. பெயர் நீண்டது, பொருள் எளிது. ஒரு நிறுவனம் புதிய பொறியையோ புதிய வேலை முறையையோ மேற்கொள்ளும்போது அங்கே உழைக்கும் மக்களுக்கு நேர்வது யாது, அம்மாற்றம் நிலைப்பதும் குலைவதும் எதனால் என்று ஆராயும் பயிற்சி அது. பகுதி நேர மாணவர் இதனை எவ்வாறு கற்றால் பயன் மிகும் என்பதைப் பற்றிச் சில எண்ணங்களை இங்கே எழுதுகிறேன்.

பாடநூல்கள் பெரும்பாலும் கர்ட் லெவினிடம் தொடங்குகின்றன. ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் வாழ்ந்த உளவியல் அறிஞர் அவர். 1947-இல், அவர் மறைந்த ஆண்டில், வெளிவந்த கட்டுரையில் மாற்றத்தை மூன்று நிலைகளாக அவர் பிரித்துக் காட்டினார்: உறைந்து கிடக்கும் பழைய நிலையை இளகச் செய்தல், புதிய நிலைக்கு நகர்த்துதல், மீண்டும் உறையச் செய்தல். அதன்பின் ஜான் காட்டர் 1996-இல் நூலாக வெளியிட்ட எட்டுப் படிகள் வரும். இவற்றை இரண்டு இரவில் மனப்பாடம் செய்துவிடலாம், தேர்விலும் தேறிவிடலாம். மறுநாள் காலையில் அலுவலகத்தில் இவை கைகொடுக்குமா என்பது வேறு கேள்வி. ஒரே ஒரு நிகழ்ச்சியை வேர்முதல் கிளைவரை கற்பதே மேல் என்பது என் கருத்து. அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே, அகமதாபாத்தில் நடந்தது.

அங்கே காலிகோ ஆலை சாராபாய் குடும்பத்தாரின் நிர்வாகத்தில் இருந்தது. அதனைச் சேர்ந்த ஜூபிலி ஆலையில் 1952-இல் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. ஒரு கூடத்தில் 224 தறிகள். பொறியியலார் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை அளந்து, கூடத்து வேலையைப் பல துண்டுகளாக்கி, துண்டுக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கினர். நெசவாளர் 8 பேர். ஊடை நூல் சுற்றிய பாபின்களைத் தறியில் நிரப்புவோர் 5 பேர். பாவு நூல் மொத்தமாக அறுந்தால் சீர்செய்வோர் 3 பேர். புதிய பாவு ஏற்றுவோர் 2 பேர். எண்ணெய் விட ஒருவர், பெருக்க ஒருவர் என்று மேற்பார்வையாளர் உட்பட 29 பேர் இருந்தனர். கணக்கு பழுதற்றது; துணிதான் பழுதுபட்டது. எதிர்பார்த்த உற்பத்தியும் வரவில்லை.

இந்நிலையில் இத்தகைய சிக்கல்களை ஆராயும் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ், காலிகோ ஆலையின் தலைவர் கௌதம் சாராபாயின் அழைப்பின் பேரில் 1953-இல் வந்தார். தொழிலாளர் மாற்றத்தை விரும்புவதில்லை என்ற வழக்கமான விடையோடு அவர் நின்றுவிடவில்லை. யார் யாரை நம்பி வேலை செய்கிறார் என்று பார்த்தார். நண்பர்களே, நீங்களும் ஒரு தாளில் வகுத்துப் பாருங்கள். எட்டு நெசவாளருக்கு ஐந்து நிரப்புவோர் என்றால், ஒரு நெசவாளருக்குக் கிடைப்பது ஒரு நிரப்புபவரின் எட்டில் ஐந்து பங்கு. அறுந்த பாவைச் சீர்செய்பவரின் எட்டில் மூன்று பங்கு. பாவு ஏற்றுபவரின் கால் பங்கு. முழு மனிதர் ஒருவர்கூட இல்லை! தறி நின்றால் நெசவாளர் அழைக்க வேண்டிய ஆள் அந்நேரம் வேறொருவர் தறியில் இருப்பார். ஒருவருக்கொருவர் இன்றியமையாதவர், ஆனால் யாரும் யாருடனும் சேர்ந்தவர் அல்லர். அவர்களுக்குள் பூசல் எழுந்திருந்தால் அதற்குக் குணக்கேட்டைக் காரணம் காட்ட வேண்டியதில்லை. அந்தக் கணக்கே போதும்.

ரைஸ் முன்வைத்த யோசனை சிறியது. குறிப்பிட்ட தறிகளை ஏழு பேர் அளவிலான ஒரு குழுவிடம் முழுப்பொறுப்பாக ஒப்படைத்தல். குழுவுக்குள் ஒருவர் வேலையில் மற்றவர் கைகொடுத்தல். நிர்வாகத்தாரிடம் இதைப் பேசினார். செய்தி மேற்பார்வையாளர் வழியே கூடத்துக்குப் போயிற்று. தொழிலாளர் தாமே கூடிப் பேசி, யார் எந்தக் குழுவில் சேர்வது என்றும் தாமே முடிவு செய்துகொண்டனர். அந்த வேகத்தை ரைஸே எதிர்பார்க்கவில்லை. ‘மக்கள் மாற்றத்தை எதிர்ப்பர்’ என்ற வாக்கியத்தை வகுப்பில் கேட்கும்போதெல்லாம் இந்த இடத்தை நினைத்துக்கொள்ளலாம்.

தொடக்க நாட்களில் உற்பத்தி ஏறினாலும் தறிப் பராமரிப்பு பின்தங்கியது, பழுதும் கூடியது. பிறகு அது சீராயிற்று. முன்பு நூற்றுக்கு 80 அளவில் இருந்த திறன் 95 அளவுக்கு உயர்ந்தது. பழுது 32 அளவிலிருந்து 20 அளவுக்கு இறங்கியது. ரைஸ் இதனை 1958-இல் நூலாக வெளியிட்டார். குழு முறையோடு ஊதிய ஏற்பாடும் மாறியதால், உயர்வுக்கு அதுவே காரணமாகலாம் என்று ஐயுற்றோரும் உண்டு. அந்த ஐயத்தையும் சேர்த்தே கற்க வேண்டும்.

பல விரிவுரைகளில் கதை இங்கே முடிந்துவிடுகிறது. உண்மையில் சுவையான பகுதி இனிமேல்தான். ரைஸின் தோழர் எரிக் மில்லர் 1970-இல் அதே கூடங்களைத் திரும்பச் சென்று பார்த்து, கண்டதை 1975-இல் எழுதினார். தானியங்கித் தறிக்கூடத்தில் குழு முறை பெரும்பாலும் தேய்ந்து பழைய முறையே திரும்பியிருந்தது. சாதாரணத் தறிகள் இருந்த ஒரு கூடத்திலோ அது உயிரோடிருந்தது. இடையில் மூன்றாம் ஷிப்டு வந்தது. பழகிய கைகள் பிரிந்து பரவின. நெய்யும் துணிவகைகள் மாறின. குழு தன் சிக்கலைத் தானே தீர்த்துக்கொள்ள ஓரளவு நிலையான சூழல் வேண்டும். அது கிடைத்த இடத்தில் முறை நின்றது. கிடைக்காத இடத்தில் கரைந்தது. லெவின் சொன்ன மூன்றாம் நிலையாகிய மீள உறைதல் எவ்வளவு அரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை. 1980-களிலும் 90-களிலும் அகமதாபாத்தின் ஆலைகள் பல மூடப்பட்டுப் பல்லாயிரவர் வேலையிழந்தனர். காலிகோவும் தப்பவில்லை. கூடத்துக்குள் செய்த எந்தச் சீர்திருத்தமும் சந்தையில் வந்த மாற்றத்தைத் தடுக்க இயலாது என்பதும் பாடத்தின் பகுதியே.

இனி, நம் மாலை வகுப்பு மாணவரிடம் வருவோம். முழுநேர மாணவருக்கு இது ஏட்டில் உள்ள செய்தி. நமக்கோ நாள்தோறும் எட்டு மணி நேரம் நாமே நிற்கும் இடம். அலுவலகத்தில் புதிய மென்பொருள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி வகுப்பு நடத்திவிட்டோம், இன்னும் ஏன் தயங்குகிறார்கள் என்று மேலதிகாரி வியப்பார். நீங்கள் ரைஸின் கணக்கைப் போடுங்கள். முன்பு ஐயம் எழுந்தால் எந்த மேசைக்கு எழுந்து போனார்கள்? அங்கே இருந்த மூத்தவரிடம் இப்போது யாரும் எதையும் கேட்கிறார்களா? ஒருவர் பிழை செய்தால் அதனைத் திருத்த எத்தனை பேரின் எத்தனை பங்கு வேண்டியிருக்கிறது? தேநீர் வேளையில் பேசினாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஆனால் இந்த வசதிக்குள் ஓர் இடரும் இருக்கிறது. பகுதி நேர மாணவர் ஒரே வேளையில் ஆய்வாளர், உடன் உழைப்பவர், சில சமயம் நிறுவனத்தின் செலவில் படிப்பவர். அவர் எழுதும் கள ஆய்வு அறிக்கை பேராசிரியர் கைக்கு மட்டும் போகும் என்பதற்கு உறுதியில்லை. ‘மாற்றத்துக்கு எதிரானவர்கள்’ என்று நான்கு பேரை அதில் குறித்துவிட்டால், மதிப்பெண் நமக்கு, இடமாற்றல் அவர்களுக்கு! ஆகவே குறிப்பெடுக்கும் முன் உடன் பணிபுரிவோரிடம் சொல்லிவிடுங்கள். பெயரை எழுதாதீர்கள், பெயரில்லாமலே ஆள் தெரியும்படியான அடையாளத்தையும் விட்டுவிடுங்கள். தயக்கத்தை எழுதும்போது, அவர்கள் இழக்கக்கூடியது என்ன என்பதை அதே பத்தியில் எழுதுங்கள். அறிக்கையை முதலில் அவர்களிடம் படித்துக் காட்டுவது இன்னும் நல்லது. அதிகாரி மறுத்த பல செய்திகளை அவர்கள் திருத்தித் தருவார்கள்.

நடைமுறைச் செய்தி ஒன்று. புதிய முறை வரப்போகிறது என்று காதில் விழுந்த அன்றே, இப்போதுள்ள ஏற்பாட்டை எழுதி வைத்துவிடுங்கள். யார் யாரிடம் கேட்கிறார், எந்தக் கோப்பு எந்த மேசையில் தங்குகிறது, ஒருவர் விடுப்பில் சென்றால் அவர் வேலையை யார் பார்க்கிறார் என்பவை போதும். ஆறு மாதம் கழிந்தால், பழைய முறை எப்படி இருந்தது என்று அங்கே இருந்தவர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.