இலவச மென்பொருளில் எதுவரை போகலாம்?



டத்தோ கிராமாட்டில் விடியற்காலையில் நின்றால் பாயான் லெப்பாஸ் போகிற தொழிற்சாலை பஸ்களைப் பார்க்கலாம். 1972-இல் இண்டெல் பினாங்குக்கு வந்தது. அன்றிலிருந்து நம்மவர் பலர் அங்கே உற்பத்தி வரிசையில் உழைத்திருக்காங்க. சிப் வடிவமைப்பு வேலையும் அங்கேதான் இருக்கு. அல்டெரா நிறுவனத்துக்கும் பினாங்கில் வடிவமைப்புப் பிரிவு உண்டு. அந்த வேலைக்குத் தயாராக நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பாடம்.

சாதாரண சிப்பின் சுற்று தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். எஃப்.பி.ஜி.ஏ. சிப்பில் சுற்றை நாமே எழுதலாம், அழித்து மறுபடியும் எழுதலாம். அல்டெரா சிப்புக்கு எழுத உதவும் மென்பொருள் குவார்ட்டஸ் பிரைம். இதில் லைட், ஸ்டாண்டர்ட், புரோ என மூன்று வகை. லைட் இலவசம். ஆனால் அதற்குச் சில எல்லைகள் உண்டு.

1. சிப் எல்லை: சைக்ளோன் 5, மேக்ஸ் 10 போன்ற சிறிய சிப்புகளுக்கு லைட் போதும். ஸ்ட்ராட்டிக்ஸ் போன்ற பெரிய சிப்புகளை அது ஏற்காது. பழைய போர்டு மலிவா கிடைக்குதேன்னு டி.இ.4 வாங்கிட்டா, அதில் இருப்பது ஸ்ட்ராட்டிக்ஸ் 4. போர்டுக்குக் கொடுத்த காசோடு முடியாது, மென்பொருள் உரிமத்துக்கும் கட்டணும். டி.இ.10-லைட் போர்டில் மேக்ஸ் 10 இருக்கு, சுமார் 50,000 லாஜிக் கூறுகள். இறுதியாண்டு புரொஜெக்ட் பலவற்றுக்கு இது தாராளம்.

2. நேர எல்லை: மென்பொருளோடு வரும் சில ஆயத்தப் பகுதிகளுக்குத் தனி உரிமம் வேண்டும். நியோஸ் 2 செயலியில் சிக்கன வகை இலவசமாகவும், வேக வகை காசுக்கும் கிடைத்தது. உரிமம் இல்லாமல் இப்படிப்பட்ட பகுதியைச் சேர்த்தால், கேபிள் கணினியோடு இணைந்திருக்கும் வரை ஓடும். கழற்றினால் சிறிது நேரத்தில் நின்றுவிடும். போர்டில் நிரந்தரமாகப் பதியவும் முடியாது. பரிசோதகர் முன்னால் போர்டைத் தனியாக இயக்கிக் காட்டப் போறீங்கன்னா, இதை முதல் நாளே யோசிங்க.

3. சோதனை எல்லை: போர்டில் ஏற்றுமுன் சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கணும். பலர் பயன்படுத்திய மாடல்சிம் ஸ்டார்ட்டர் பதிப்பு 10,000 வரிகளைத் தாண்டினால் மெதுவாகிவிடும். பெரிய சுற்றைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகச் சோதித்தால் இது தடையாகாது. வேலையிடத்திலும் இதுதான் நல்ல பழக்கம்.

இன்னொரு வழியும் இருக்கு. யோசிஸ் என்ற திறந்தமூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணமே கிடையாது. லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 சிப்புகளுக்கு அதோடு மற்ற திறந்தமூலக் கருவிகளையும் சேர்த்து முழு வேலையும் செய்யலாம்.

இந்த வாரப் பயிற்சி: நீங்க வாங்க நினைக்கும் போர்டின் சிப் எண்ணை முழுசா எழுதுங்க. லைட் பதிப்பின் சிப் பட்டியலில் அது இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா வேற போர்டு தேடுங்க. பட்டியலைப் பார்த்த பிறகே அப்பா அம்மாவிடம் காசு கேளுங்க.